நியாயத்தொடை செல்லுமா, செல்லாதா? ரப்பர் மரத்தையும் பலா மரத்தையும் வைத்துச் சோதிக்கும் வழி

மலேசியாவில் நான்காம் படிவக் கணிதத்தில் தர்க்கப் பாடம் வந்ததும் சிலாங்கூரின் பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கத்துப் பிள்ளைகள் பலர் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "முடிவு உண்மையாத்தானே இருக்கு, அப்புறம் ஏன் வாதம் தப்புன்னு போடுறாங்க?" பாடநூல் ‘சா’ (வடிவம் செல்லும்) என்றும் ‘முனாசாபா’ (வடிவமும் செல்லும், எடுத்துச் சொன்னதும் உண்மை) என்றும் இரண்டு மலாய்ச் சொல்லைத் தனித்தனியாக வைத்திருப்பதே இதற்காகத்தான். வாதம் செல்லுமா என்பது ஒரு கேள்வி, அதில் சொன்னதெல்லாம் உண்மையா என்பது வேறு கேள்வி. இங்கே முதல் கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பாடநூலில் இருப்பதைவிடக் கொஞ்சம் ஆழமாக, அரிஸ்டாட்டில் காலத்திலிருந்து வருகிற பழைய அளவையியல் முறையிலேயே பார்ப்போம். அது தெரிந்தால் பரீட்சை வாதங்கள் எளிதாகிவிடும், கடையில் பெரியவர்கள் போடும் வாதங்களையும் எடைபோடலாம்.

நியாயத்தொடை என்பது மூன்று கூற்று. முதல் இரண்டும் எடுகூற்றுகள், மூன்றாவது முடிவு. உள்ளே மூன்றே மூன்று பதங்கள் இருக்கவேண்டும். முடிவின் எழுவாயாக வருவது சிறுபதம், பயனிலையாக வருவது பெரும்பதம், முடிவில் வராமல் இரண்டு எடுகூற்றிலும் வந்து மற்ற இரண்டையும் சேர்த்து வைப்பது மத்தியபதம்.

இதைப் பாருங்கள். எல்லா ரப்பர் மரங்களும் பால் உள்ளவை. எல்லாப் பலா மரங்களும் பால் உள்ளவை. ஆகவே எல்லாப் பலா மரங்களும் ரப்பர் மரங்கள்.

தோட்டத்தில் வளர்ந்த எவரும் இதை ஒத்துக்கொள்ளமாட்டார். பலாப்பழம் வெட்டினால் கையெல்லாம் பால் ஒட்டும் என்பது உண்மை, ரப்பரில் பால் வரும் என்பதும் உண்மை, ஆனால் முடிவு அப்பட்டமான பொய். எடுகூற்று இரண்டும் உண்மையாக இருந்து முடிவு பொய்யாகப் போக இடம் கொடுக்கிற வடிவம் எதுவும் செல்லாது. இந்த ஒரு வரியை நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள், மற்ற விதியெல்லாம் இதைக் கண்டுபிடிக்கும் வழிகள்தான்.

ஆகவே முதல் சோதனை, பதங்களை மாற்றிப் பார்ப்பது. சந்தேகமான வாதம் ஒன்று கிடைத்தால் எல்லா, எந்த, சில, அல்ல என்கிற சொற்களை அப்படியே விட்டுவிட்டு மூன்று பதங்களை மட்டும் எடுத்து, உங்களுக்கு நன்றாகத் தெரிந்த பொருள்களைப் போடுங்கள். ஓர் உதாரணம்: எல்லா ரப்பர் மரங்களும் பால் உள்ளவை. எந்தச் செம்பனையும் ரப்பர் மரம் அல்ல. ஆகவே எந்தச் செம்பனையும் பால் உள்ளது அல்ல. மூன்று கூற்றும் உண்மை. செம்பனையில் ரப்பர் போலப் பால் வடியாது என்று எல்லாருக்கும் தெரியும், அதனால்தான் இந்த வாதத்தைப் பார்த்ததும் தலையாட்டிவிடுகிறோம். இப்போது செம்பனை இருந்த இடத்தில் பலாவைப் போடுங்கள். எந்தப் பலா மரமும் ரப்பர் மரம் அல்ல, உண்மை. ஆகவே எந்தப் பலா மரமும் பால் உள்ளது அல்ல, பொய். வடிவம் உடைந்துவிட்டது. முதலில் கிடைத்த முடிவு உண்மையாக இருந்தது வேறு காரணத்தால், அந்த எடுகூற்றுகளால் அல்ல.

இந்தச் சோதனைக்கு ஓர் எல்லை உண்டு. எதிருதாரணம் கிடைத்தால் வாதம் செல்லாது என்பது உறுதி. கிடைக்காவிட்டால் செல்லும் என்று சொல்லிவிட முடியாது, நீங்கள் சரியான பொருளை யோசிக்காமல் இருந்திருக்கலாம். அதற்குத்தான் விதிகள்.

விதிகளுக்கு முன்னால் ஒவ்வொரு கூற்றையும் நான்கு அச்சில் ஒன்றுக்குக் கொண்டுவரவேண்டும்: எல்லா அ-வும் ஆ, எந்த அ-வும் ஆ அல்ல, சில அ ஆ, சில அ ஆ அல்ல. அவசரப்படாதீர்கள், பாதித் தவறு இங்கேதான் நடக்கிறது. "எல்லாரும் வரவில்லை" என்றால் ஒருவரும் வரவில்லையா, சிலர் மட்டும் வரவில்லையா? பேச்சில் இரண்டுக்கும் சொல்கிறோம், அதனால் எது என்று முடிவுசெய்துகொண்டு எழுதுங்கள். "பாஸ் உள்ளவர்கள் மட்டும் ஆலைக்குள் போகலாம்" என்றால் உள்ளே போகக்கூடிய எல்லாரும் பாஸ் உள்ளவர்கள் என்று எழுதவேண்டும். பாஸ் உள்ள எல்லாரும் போகலாம் என்று திருப்பி எழுதினால் அது வேறு கூற்று. ‘இவன்’, ‘இந்த லோரி’ போன்ற தனி ஒன்றைப் பற்றிய கூற்றை ‘எல்லா’ வகையிலேயே சேர்த்துக்கொள்ளலாம்.

அடுத்து வியாப்தி, இந்தப் பாடத்தின் உயிர். ஒரு கூற்று தன் பதத்தில் அடங்கிய அத்தனையையும் பற்றிப் பேசுகிறதா என்பதே கேள்வி. எல்லா ரப்பர் மரங்களும் பால் உள்ளவை என்றால் ரப்பர் மரம் ஒன்று விடாமல் பேசியாயிற்று, பால் உள்ள மரங்கள் அத்தனையையும் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதனால் எழுவாய்க்கு வியாப்தி உண்டு, பயனிலைக்கு இல்லை. ‘எந்த… அல்ல’ வகையில் இரண்டு பதத்துக்கும் உண்டு. ‘சில’ வகையில் இரண்டுக்கும் இல்லை. ‘சில… அல்ல’ வகையில் பயனிலைக்கு மட்டும் உண்டு, ஏனென்றால் அந்தச் சிலவற்றைப் பயனிலையின் முழுக் கூட்டத்திலிருந்தும் வெளியே தள்ளுகிறோம்.

இப்போது விதிகள். மத்தியபதம் ஒருமுறையாவது வியாப்தி பெறவேண்டும். முடிவில் வியாப்தி பெற்ற பதம் தன் எடுகூற்றிலும் பெற்றிருக்கவேண்டும். இரண்டு எடுகூற்றும் ‘அல்ல’ என்றால் முடிவு வராது. ஒன்று ‘அல்ல’ என்றால் முடிவும் ‘அல்ல’, இரண்டும் ‘ஆம்’ என்றால் முடிவும் ‘ஆம்’. அவ்வளவுதான். இரண்டு ‘சில’ கூற்றிலிருந்து எதுவும் வராது என்பதைத் தனியாக மனப்பாடம் செய்யவேண்டாம், மேலே உள்ளவற்றிலிருந்தே அது கிடைக்கும்.

பலா ரப்பரான கதை முதல் விதியில் விழுகிறது: ‘பால் உள்ளவை’ இரண்டு இடத்திலும் பயனிலை, வியாப்தியே இல்லை. செம்பனை வாதம் இரண்டாவதில் விழுகிறது: முடிவில் ‘பால் உள்ளது’ வியாப்தி பெறுகிறது, எடுகூற்றில் பெறவில்லை.

மனிதர்கள்மேல் பாயும்போது இந்தத் தவறு வலிக்கும். படிப்பை நிறுத்தியவர்களில் சிலர் தோட்டத்துப் பிள்ளைகள், இவன் தோட்டத்துப் பிள்ளை, ஆகவே இவனும் நிறுத்திவிடுவான். இதை எத்தனை பேர் வாயில் கேட்டிருப்பீர்கள்! ‘தோட்டத்துப் பிள்ளைகள்’ மத்தியபதம், இரண்டு இடத்திலும் வியாப்தி கிடையாது. பலா மரத்தை ரப்பர் மரமாக்கிய அதே தவறு. இனி யாராவது இப்படிச் சொன்னால் கோபப்படவேண்டாம், மத்தியபதம் எங்கே முழுதாக வந்தது என்று கேளுங்கள்.

நான்காவது பதம் ஒளிந்து வருவதையும் பார்க்கவேண்டும். பால் எல்லாம் குடிக்கத் தக்கது, ரப்பர் மரத்தில் வடிவது பால், ஆகவே அது குடிக்கத் தக்கது என்றால் முதல் ‘பால்’ வேறு, இரண்டாவது வேறு. மத்தியபதமே இல்லாததால் விதிவரை போகவே தேவையில்லை.

கூற்று வகைகளையும் பதங்களின் இடங்களையும் மாற்றி மாற்றி அடுக்கினால் மொத்தம் 256 வடிவம் வரும். மரபு முறையில் அவற்றில் 24 செல்லும். 13ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய மாணவர்கள் பார்பரா, செலாரென்ட் என்று பெயர் வைத்துப் பாட்டாகவே மனப்பாடம் செய்தார்கள். இன்றைய தர்க்கத்தில் 15 மட்டுமே செல்லும். காரணம், பழைய முறை ‘எல்லா’ என்று சொன்னதும் அப்படிப்பட்டவை இருக்கின்றன என்று எடுத்துக்கொள்கிறது. ரப்பரை அழித்து முழுக்கச் செம்பனை நட்டுவிட்ட தோட்டம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். இந்தத் தோட்டத்துப் பால்வெட்டுக்காரர்கள் எல்லாரும் விடியும் முன் எழுபவர்கள், அவர்கள் எல்லாரும் தமிழ் பேசுபவர்கள், ஆகவே தமிழ் பேசுபவர்களில் சிலர் விடியும் முன் எழுபவர்கள். மரபு முறையில் இது செல்லும். ஆனால் அந்தத் தோட்டத்தில் இப்போது பால் வெட்ட ஆளே இல்லையே! இரண்டு எடுகூற்றையும் பொய்யாக்க ஒருவரைக்கூடக் காட்டமுடியாது, அந்த ‘சிலர்’ யார் என்றும் காட்டமுடியாது. ஆகவே எடுகூற்று இரண்டும் ‘எல்லா’ அல்லது ‘எந்த… அல்ல’ வகையாக இருந்து முடிவு மட்டும் ‘சில’ என்று வந்தால், எந்த முறையில் கேட்கிறார்கள் என்று முதலில் பாருங்கள்.

கடைசியாக ஒன்றை நீங்களே செய்யுங்கள். பால் உள்ள எந்த மரமும் செம்பனை அல்ல. எல்லாப் பலா மரங்களும் பால் உள்ளவை. ஆகவே எந்தப் பலா மரமும் செம்பனை அல்ல. பதங்களை அடிக்கோடிட்டு, வியாப்தி உள்ளதற்கு மேல் ஒரு புள்ளி வையுங்கள். மத்தியபதத்துக்கு முதல் எடுகூற்றில் புள்ளி கிடைக்கும். முடிவில் இரண்டு பதத்துக்கும் புள்ளி, எடுகூற்றுகளிலும் இரண்டுக்கும் இருக்கிறது. ஒரே ஒரு ‘அல்ல’ எடுகூற்று, முடிவும் ‘அல்ல’. செல்லும். விடைத்தாளில் "செல்லும்" என்று மட்டும் எழுதி நிறுத்தாமல், புள்ளிகள் எங்கே விழுந்தன என்று அடுத்த வரியில் காரணத்தையும் சேர்த்து எழுதுங்கள்.