எனாமல் டயலில் கருத்த விரிசல்: நான் சரிசெய்த விதம்

வெள்ளி பாக்கெட் வாட்சின் டயலில் கறுப்பாகத் தெரியும் மயிரிழை விரிசல், பெரும்பாலும் உள்ளே இறங்கிய அழுக்குதான். முட்களை எடுத்து, இயந்திரத்தின் பக்கவாட்டில் டயலைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்களைத் தளர்த்தினால் டயல் தானாக விடுபடும். நெம்பவே கூடாது, அடியிலுள்ள செம்புத் தகடு சற்றே வளைந்தாலும் மேலே உருக்கிப் பூசிய கண்ணாடி சில்லுசில்லாகத் தெறிக்கும்.

டயலில் ஓவியம் இருந்தால், அதன் ஓரத்தை ஈரப் பஞ்சால் தொட்டுப் பாருங்கள். பஞ்சில் நிறம் ஒட்டினால் அது சூளையில் சுடாத பிற்கால டச்சப், ஊறவைக்காதீர்கள்.

வேலூர் போர்வெல் தண்ணீர் உப்புத் திட்டு விடும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் 200 மில்லி, வெதுவெதுப்பாக, பாத்திரம் கழுவும் லிக்விட் 2 சொட்டு. 10 நிமிடம் ஊறியதும் மென்மையான தூரிகையால் விரிசலின் நெடுக்கில் வருடினேன். கறுப்பு வெளிறிவிட்டது. பிறகு லிக்விட் கலக்காத டிஸ்டில்டு வாட்டரில் அலசி, மின்விசிறிக் காற்றில் உலர்த்தினேன்.

வாட்சின் வெள்ளிக் கூட்டை (கேஸ்) திருநீறு போட்டுத் தேய்க்காதீர்கள், ஹால்மார்க் மழுங்கிவிடும்.