ஏதென்ஸில் தனியாக முதல் நாள்: ஏறுவதற்கு முன் ஒரு வலம்

ஏதென்ஸுக்கு முதல் முறையாகத் தனியே போகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் யோசனை, இறங்கிய அன்றே அக்ரோபோலிஸ் குன்றின்மேல் ஏறாதீர்கள் என்பதுதான். விமானத்தில் சரியாகத் தூங்காத உடம்போடு, நிழலே இல்லாத அந்தப் பாறையின் உச்சியில் நண்பகல் வெயிலில் நின்றால், அங்கே நிற்கும் பழங்காலக் கோயிலான பார்த்தெனான்கூட வெறும் வெள்ளைத் தூண்களாகத்தான் கண்ணுக்குத் தெரியும். திருவண்ணாமலையில் கிரிவலம் போகிறவர் மலையை வலக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு நடப்பதுபோல, முதல் நாள் அந்தக் குன்றைச் சுற்றி நடந்துவிட்டு, மறுநாள் காலை வாயில் திறக்கும் நேரத்தில் மேலே ஏறுவதே நல்லது. முழுச் சுற்றும் மூன்று, நான்கு கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். குன்று எப்போதும் ஒரே பக்கத்தில் தெரிந்துகொண்டிருப்பதால், துணைக்கு ஆளில்லாமல் போனாலும் வழி தவறுமோ என்ற கவலை இராது.

கீழே உள்ள நேரங்கள் ஏப்ரல் முதல் அக்டோபர் வரையிலான மாதங்களுக்குப் பொருந்தும். குளிர்காலத்தில் ஐந்து மணியை ஒட்டியே இருட்டத் தொடங்கிவிடும் என்பதால், எல்லாவற்றையும் இரண்டு மணி நேரம் முன்னதாகவே தொடங்குங்கள்.

படி 1: வீட்டிலிருந்தே செய்ய வேண்டியவை

அக்ரோபோலிஸுக்கு நேரம் குறித்த நுழைவுச்சீட்டு வேண்டும். 2023 செப்டம்பர் முதல் ஒரு நாளைக்கு 20,000 பேர்தான் என்று வரம்பு வைத்திருப்பதால், கோடைக்காலத்தில் காலை நேரச் சீட்டுகள் விரைவாகத் தீர்ந்துவிடுகின்றன. 2025 ஏப்ரலில் கட்டணம் 30 யூரோவாக உயர்ந்தது. கிரேக்கப் பண்பாட்டு அமைச்சகத்தின் மின்சீட்டுத் தளத்தில், நீங்கள் இறங்கும் நாளுக்கு மறுநாள் காலை 8 மணிச் சீட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வெப்ப அலை வீசும் நாட்களில் நண்பகல் முதல் மாலை 5 மணிவரை குன்றை மூடிவிடுவது அண்மை ஆண்டுகளில் பலமுறை நடந்திருக்கிறது. காலைச் சீட்டு வைத்திருப்பவருக்கு அந்தத் தொல்லை இல்லை.

தங்குமிடத்தைக் குன்றின் வடகிழக்கே உள்ள பிளாகாவிலோ தெற்கே உள்ள கூகாகியிலோ தேடலாம். என்னைக் கேட்டால் கூகாகிதான். பிளாகாவின் அழகு அதற்கு இல்லை. ஆனால் உள்ளூர்க்காரர்கள் குடியிருக்கும் பகுதியாக இருப்பதால் இரவு அமைதியாகவும், தனியாக நடந்து திரும்புவதற்குத் தெம்பாகவும் இருக்கும். விலை குறைவாக இருக்கிறதே என்று ஒமோனியா சதுக்கத்தின் பக்கம் அறை எடுப்பதை முதல் பயணத்தில் தவிர்த்துவிடுங்கள்.

படி 2: விமான நிலையத்திலிருந்து நகருக்குள்

விமான நிலையத்திலேயே மெட்ரோ கிளம்புகிறது. நீல நிறக் கோடான மூன்றாம் தடத்தில் ஏறினால், சுமார் 40 நிமிடத்தில் சின்தக்மா நிலையமும் அதற்கு அடுத்ததாக மொனாஸ்திராகி நிலையமும் வரும். ஒருவழிக் கட்டணம் 9 யூரோ. மூன்று நாட்களுக்குள் திரும்பிவிடுவதாக இருந்தால், 20 யூரோவுக்குக் கிடைக்கும் மூன்று நாள் சுற்றுலாச் சீட்டு லாபகரமானது; விமான நிலையத்துக்குப் போக, வர இரண்டும் நகருக்குள் சுற்றுவதும் அதிலேயே அடக்கம். இறங்கும் நிலையத்திலும் சீட்டைக் காட்டினால்தான் கதவு திறக்கும் என்பதால் அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கூகாகிக்குப் போகிறவர்கள் சின்தக்மாவில் சிவப்புத் தடத்துக்கு மாறி, அடுத்த நிலையமான அக்ரோபோலியில் இறங்கலாம். நள்ளிரவுக்குப் பின் இறங்கினால் மெட்ரோ இருக்காது. அப்போது சின்தக்மா வரை இரவு முழுவதும் ஓடும் எக்ஸ்95 பேருந்து கைகொடுக்கும்.

இந்த மெட்ரோவில் ஜேப்படிக்காரர்கள் உண்டு. நிலையத்தில் கதவு மூடப்போகும் நேரத்தில் நாலைந்து பேராக உங்களை நெருக்கிக்கொண்டு ஏறுவது அவர்கள் வழக்கம். முதுகுப்பையை மார்புப் பக்கம் மாட்டிக்கொண்டு, கைப்பேசியையும் கடவுச்சீட்டையும் கால்சட்டைப் பையில் வைக்காமல் இருந்தால் போதும். மற்றபடி அஞ்ச வேண்டியதில்லை.

படி 3: பையை இறக்கி, வயிற்றைக் கவனித்தல்

அறை பொதுவாகப் பிற்பகல் 3 மணிக்குத்தான் தருவார்கள். அதுவரை பையை வாங்கி வைத்துக்கொள்வீர்களா என்று முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிடுங்கள். மொனாஸ்திராகியைச் சுற்றிக் கட்டணப் பெட்டகங்களும் இருக்கின்றன. ஏடிஎம்மில் பணம் எடுக்கும்போது, தெருவோரம் தனியாக நிற்கும் இயந்திரத்தை விட்டுவிட்டு, வங்கிச் சுவரில் உள்ளதைத் தேடுங்கள். தொகையை ரூபாயில் மாற்றிக் காட்டட்டுமா என்று திரை கேட்டால் வேண்டாம் என்று மறுத்து, யூரோவிலேயே எடுங்கள்.

சைவம் மட்டும் உண்பவர்கள் இங்கே பட்டினி கிடக்க வேண்டியதில்லை. ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் நோன்பு நாட்கள் ஆண்டில் நிறைய வருவதால், இறைச்சி சேராத சமையல் அங்கே நன்றாகவே வளர்ந்திருக்கிறது. கீரையும் ஃபெட்டா பாலாடையும் வைத்துச் சுடும் ஸ்பனகோபிதா, தக்காளிக்குள் சோறு அடைத்த கெமிஸ்தா, பெரிய வெள்ளை அவரையைத் தக்காளிச் சாற்றில் வேகவைத்த கிகாந்தெஸ் ஆகியவற்றைக் கேட்டு வாங்குங்கள். கேட்காமலே ரொட்டி வைப்பார்கள். அதற்கும் சிறு தொகை பில்லில் ஏறும். இது ஏமாற்று அல்ல, அங்குள்ள வழக்கம். குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம்.

ஒரு செய்தியை யாரும் முன்னதாகச் சொல்வதில்லை. கழிவுநீர்க் குழாய்கள் குறுகலானவை என்பதால், கழிப்பறைத் தாளைப் பீங்கானுக்குள் போடாமல் பக்கத்திலுள்ள கூடையில்தான் போட வேண்டும்.

படி 4: வடக்குச் சரிவு

மூன்று மணியளவில் மொனாஸ்திராகி சதுக்கத்தில் நின்று குன்றைப் பாருங்கள். அந்த ஓரிடத்திலேயே நகரத்தின் அடுக்குகள் தெரியும்: 1759இல் ஒட்டோமான் ஆளுநர் கட்டிய த்சிஸ்தராகிஸ் பள்ளிவாசல், அதை ஒட்டியே ரோமப் பேரரசர் ஹாட்ரியன் எழுப்பிய நூலகத்தின் தூண்கள், மேலே பாறையின்மேல் கிரேக்கர்களின் சுவர். இங்கிருந்து கிழக்கு நோக்கி, குன்று வலப்பக்கம் இருக்கும்படி நடக்கத் தொடங்குங்கள்.

சற்றுத் தொலைவில், ரோமர் காலச் சந்தைவெளியான ரோம அகோராவில் எட்டுப் பட்டைகள் கொண்ட காற்றுக் கோபுரம் நிற்கிறது. ஒவ்வொரு பட்டையிலும் ஒரு திசைக் காற்றைப் பறக்கும் மனித உருவமாகச் செதுக்கியிருக்கிறார்கள். வெளிச்சுவர்களில் சூரிய கடிகாரமும் உள்ளே நீர்க்கடிகாரமும் இருந்த கட்டடம் அது. வேலிக்கு வெளியே நின்றே நன்றாகப் பார்க்கலாம் என்பதால் இன்று சீட்டு வாங்க வேண்டாம்.

அங்கிருந்து படிக்கட்டுச் சந்துகளில் மேலேறினால் அனாஃபியோதிகா வரும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் புதிய தலைநகரைக் கட்ட வந்த அனாஃபி தீவுத் தொழிலாளர்கள், தங்கள் ஊர் வீடுகளைப் போலவே வெள்ளையடித்த சிறு வீடுகளைப் பாறையின் அடியில் கட்டிக்கொண்டார்கள். சந்துகள் ஒருவர் மட்டுமே போகும் அளவுக்குக் குறுகலானவை. வீடுகளில் இன்றும் ஆட்கள் வசிக்கிறார்கள். சன்னலுக்குள் கைப்பேசியை நீட்டிப் படமெடுக்காதீர்கள்.

கீழிறங்கும் வழியில், கி.மு. 335–334இல் நாடகப் போட்டி வெற்றிக்காக நிறுவப்பட்ட லிசிக்ராத்திஸ் நினைவுச்சின்னம் இருக்கிறது. அந்தத் தெருமுனையில் நின்றால் சாலைக்கு அப்பால் ஹாட்ரியன் வளைவு தெரியும். பார்த்துவிட்டு, சாலையைக் கடக்காமல் வலப்பக்கம் திரும்புங்கள்.

படி 5: அக்ரோபோலிஸ் அருங்காட்சியகம்

இன்றைய நாளில் பணமும் நேரமும் செலவிட வேண்டிய இடம் இதுவே. குன்றின் சீட்டு இங்கே செல்லாது. தனியாக வாங்க வேண்டும். திங்கட்கிழமை 5 மணிக்கு மூடிவிடுவார்கள். வெள்ளிக்கிழமை இரவு 10 மணிவரை திறந்திருக்கும். நீங்கள் இறங்கும் நாள் திங்களாக இருந்தால் அருங்காட்சியகத்தை முதலில் பார்த்துவிட்டு, வடக்குச் சரிவைப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள்.

பெர்னார்ட் ச்சூமி வடிவமைத்து 2009இல் திறந்த இக்கட்டடத்தின் தரை பல இடங்களில் கண்ணாடியாலானது. காலுக்குக் கீழே அகழ்ந்தெடுத்த பழைய குடியிருப்பின் சுவர்களும் கிணறுகளும் தெரியும். முதல் தளத்தில் எரெக்தியோன் கோயிலின் கூரையைத் தலையில் தாங்கிய பெண் சிற்பங்கள் ஐந்து நிற்கின்றன. ஆறாவதற்கான இடத்தைக் காலியாக விட்டிருக்கிறார்கள், ஏனெனில் அது லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நாளை மேலே நீங்கள் காணப்போகும் ஆறும் நகல்களே.

மேல் தளம் பார்த்தெனான் நிற்கும் அதே திசைக்கு இணையாகத் திருப்பி வைக்கப்பட்டிருக்கிறது. கோயிலைச் சுற்றி ஓடிய, மொத்தம் 160 மீட்டர் நீளமுள்ள சிற்பப் பட்டையை அதே வரிசையில் அங்கே பொருத்தியிருக்கிறார்கள். தேன்நிறக் கற்கள் அசல். இடையிடையே வெளுப்பாகத் தெரிபவை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் தூதர் எல்ஜின் பிரபு பிரிட்டனுக்குக் கொண்டுபோன பகுதிகளுக்கான சாந்து வார்ப்புகள். வாதம் எதையும் எழுதி வைக்காமல் நிறத்தாலேயே, அவை திரும்பி வர வேண்டும் என்ற கிரேக்கத்தின் வழக்கைச் சொல்லிவிடும் அந்த ஏற்பாட்டை நான் மிகவும் மெச்சுகிறேன். பட்டையை ஒரு முறை சுற்றி வந்த பின் கண்ணாடிச் சுவர் வழியே குன்றை நிமிர்ந்து பாருங்கள். கி.மு. 447இல் தொடங்கிய அந்தக் கோயில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் பெருமளவு முழுமையாகவே நின்றது. 1687இல் வெனிஸ் படையின் குண்டு விழுந்து, உள்ளே ஒட்டோமான்கள் சேமித்திருந்த வெடிமருந்து வெடித்தபோதுதான் நடுப்பகுதி சிதறியது. இதைத் தெரிந்துகொண்டு மேலே போகிறவருக்கும் தெரியாமல் போகிறவருக்கும் ஒரே கற்கள் ஒரே போலத் தெரிவதில்லை.

படி 6: தெற்கிலிருந்து மேற்குக்கு, பொழுது சாயும் வரை

அருங்காட்சியகத்துக்கு வெளியே வண்டிகள் ஓடாத அகன்ற நடைபாதை தொடங்குகிறது. வலப்பக்கம் ஹெரோதெஸ் அத்திகஸின் இரண்டாம் நூற்றாண்டு அரங்கச் சுவரைக் கடந்து நடந்தால், குன்றின் மேற்கே அரியோபாகோஸ் என்னும் மொட்டைப் பாறை வரும். புனித பவுல் ஏதென்ஸ் மக்களிடம் பேசியதாக விவிலியம் கூறும் இடம் இது. அந்திப் பொழுதில் அதன்மேல் கூட்டம் சேரும். பாறையில் வெட்டிய பழைய படிகள் தேய்ந்து கண்ணாடி போல வழுக்கும். பக்கத்திலுள்ள இரும்புப் படிக்கட்டையே பயன்படுத்துங்கள். கூட்டம் பிடிக்காதவர்கள் எதிரிலுள்ள பிலோபாப்போஸ் குன்றுக்குப் போகலாம், ஆனால் இருட்டுமுன் இறங்கிவிடுங்கள். மரங்கள் அடர்ந்த அந்தப் பாதைகளில் தனியாக இருட்டில் நடப்பது உசிதமல்ல.

பின்னர் திஸ்ஸியோ பக்கம் இறங்கினால், பழைய அகோராவின் வேலி ஓரமாகவே மொனாஸ்திராகிக்குத் திரும்பிவிடலாம். அகோராவுக்குள் வேறொரு நாள் போங்கள். அங்குள்ள அத்தலோஸ் மண்டபத்தில் திராட்சை மதுவும் எண்ணெயும் ஏற்றிச்சென்ற ஆம்போரா சாடிகள் இருக்கின்றன. புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் கிடைத்த மத்தியதரைக் கடல் சாடிகளின் ஓடுகள் நினைவுக்கு வந்தால் வியப்பில்லை.

படி 7: இரவு

ஊர்க்காரர்கள் ஒன்பது மணிக்கு மேல்தான் சாப்பிட உட்காருவார்கள். தெருவில் நின்று உங்களைக் கையைப் பிடிக்காத குறையாக அழைக்கும் உணவகங்களை விட்டு, இரண்டு தெரு தள்ளிப் போனால் விலையும் குறையும், சமையலும் தேறும். தனியாக வந்தவர் ஒருவர் எட்டு மணிக்கே போனால் எளிதாக மேசை கிடைக்கும். அவசர உதவிக்கு 112 என்ற எண்ணைக் கைப்பேசியில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

தூங்கும் முன் சீட்டைக் கைப்பேசியில் இறக்கி வைத்து, வழுக்காத அடிப்பாகம் கொண்ட காலணியை எடுத்து வையுங்கள். மேலே உள்ள சுண்ணாம்புப் பாறை அரியோபாகோஸைவிட மோசம். மேற்கு வாயிலில் சுற்றுலாக் குழுக்கள் நெருக்கும் என்பதால், அக்ரோபோலி மெட்ரோவுக்கு அருகிலுள்ள தென்கிழக்கு வாயிலில் ஏழே முக்காலுக்கு நில்லுங்கள். அந்த வழியில் ஏறும்போது டியோனிசஸ் நாடக அரங்கும் அதே சீட்டில் பார்க்கக் கிடைத்துவிடும்.