ஜோ பாஸ் கேட்டுட்டு கிட்டாரைக் கையில எடுக்கறவங்க பண்ற தப்புகள்

ஜோ பாஸ் தனியா வாசிச்சதை முதல்தடவை கேக்குறவங்க ஒரு நிமிஷத்துல ரெண்டுல ஒரு முடிவுக்கு வந்துடுவாங்க, ஒன்னு இதுல ரெண்டு கிட்டார் இருக்கு, இல்லனா நம்ம கிட்டாரை நாளைக்கே யார் தலையிலயாவது கட்டிடணும். நான் ரெண்டாவது கட்சி. வித்தும் இருப்பேன், கேட்ட விலைக்கு ஆள் வரல, அதனால வேற வழியில்லாம உக்காந்து கத்துக்க ஆரம்பிச்சேன், அந்த ஏழெட்டு வருஷத்துல பண்ண கூத்தைத்தான் இங்க எழுதுறேன், நீங்களாச்சும் சீக்கிரம் தப்பிச்சுக்கோங்க.

தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. ஜோ பாஸ் அமெரிக்க ஜாஸ் கிட்டாரிஸ்ட், 1929ல பொறந்தவர், 1994ல போயிட்டார். 1973ல நார்மன் கிரான்ஸ் புதுசா தொடங்கின பாப்லோ ரெக்கார்ட்ஸுக்காக 'விர்ச்சுவோசோ'னு ஒரு ஆல்பம் பண்ணார், பேஸ் கிடையாது, ட்ரம்ஸ் கிடையாது, பியானோ கிடையாது, ஒரு மனுஷன் ஒரு கிட்டார். 12 ட்ராக், அதுல ஒரே ஒரு ப்ளூஸ் மட்டும் அவரோட சொந்த சரக்கு, மிச்சம் பதினொன்னும் ஜாஸ்காரங்க எல்லாரும் காலங்காலமா வாசிக்கிற ஸ்டாண்டர்ட்ஸ். பாட்டோட மெட்டு (மெலடி), அதுக்குக் கீழ கார்ட் (சேர்ந்து ஒலிக்கிற சில நோட்டுகள்), அதுக்கும் கீழ பேஸ் (தடிச்ச கம்பில வர்ற கீழ் நோட்டு), இது அத்தனையும் ஒரே ஆள் ஒரே கிட்டார்ல கொண்டு வர்றதுக்குத்தான் கார்ட்-மெலடினு பேரு.

இப்ப இருக்கறதுலயே பெரிய தப்பு, மத்த தப்பெல்லாம் இதுல இருந்துதான் பொறக்குது. மெலடி, கார்ட், பேஸ் மூணும் எந்நேரமும் சேர்ந்தே ஓடுதுனு நம்புறது. ஓடவே இல்லைங்க. ஓடுற மாதிரி நம்ம காது நம்மளை ஏமாத்துது. அவர் மெலடியை ரெண்டு நோட் வாசிப்பார், அது நீண்டு நிக்கிற இடத்துல கீழ ஒரு கார்டை சொருகுவார், கார்ட் அடங்குறதுக்குள்ள பேஸ்ல ரெண்டு அடி நடப்பார், அப்புறம் எல்லாத்தையும் விட்டுட்டு ஒத்தை நோட்டா ஒரு ஓட்டம், திரும்ப வந்து கார்ட்ல உக்காருவார். மாத்தி மாத்தித்தான் வருது. ஆனா போன பார்ல, அதாவது தாளத்தோட போன சுத்துல, கேட்ட பேஸ் நம்ம மனசுல இன்னும் ஓடிட்டே இருக்கு, அதனால அது நிக்கவே இல்லைனு தோணுது. நான் சொல்றதை நம்பாதீங்க, போன்ல ஸ்பீடைப் பாதியாக் குறைக்கிற ஆப் எதையாவது போட்டு அந்த ஆல்பத்துல எட்டே எட்டு பார் எடுத்து, ஒவ்வொரு பீட்லயும் எத்தனை நோட் கேக்குதுனு ஒரு பேப்பர்ல எழுதிப் பாருங்க. நாலு நாலுனு வரும்னு நினைச்சு உக்காந்தேன், பல இடத்துல ஒன்னுதான், சில இடத்துல ஒன்னும் இல்ல.

நிஜமாவே ரெண்டு மூணு குரல் ஒன்னா நகர்றது வேணும்னா அது ஜார்ஜ் வான் எப்ஸ்ங்கிற இன்னொரு ஜாஸ் கிட்டாரிஸ்ட் போன ரோடு, அவர் 1930களோட கடைசியிலயே கீழ ஒரு கம்பி கூட வெச்சு ஏழு கம்பி கிட்டார் செய்ய வெச்சு வாங்கினவர். அது வேற ஊரு. ஜோ பாஸ்கிட்ட அதைத் தேடினா கை சுளுக்கும்.

இந்தத் தப்போட தம்பிதான் மெலடியோட ஒவ்வொரு நோட்டுக்கும் ஒரு கார்ட் வைக்கிறது. ஆரம்பத்துல எல்லாரும் பண்றதுதான், நாமளும் என்னவோ பெருசா பண்றோம்னு ஒரு சந்தோஷம் இருக்கும், கேக்குறவங்களுக்கு சர்ச்ல ஆர்கன் பழகுற பையன் மாதிரி இருக்கும். பாருக்கு ஒன்னு, மிஞ்சினா ரெண்டு, ஹார்மனி மாறுற இடத்துல மட்டும் வைங்க போதும்.

அடுத்தது ஆறு கம்பி பார் கார்ட் (இந்த பார் தாளத்தோட பார் இல்ல, ஒரு விரலையே கம்பி எல்லாத்துக்கும் குறுக்க வைக்கிறது). ஆள்காட்டி விரலை ஃப்ரெட் (கிட்டார் கழுத்துல குறுக்க இருக்குற உலோகக் கட்டை) முழுக்க அழுத்திப் பிடிச்சுட்டா மெலடிக்கு எந்த விரல் மிச்சம் இருக்கு சொல்லுங்க. ஒரு கார்டோட குணத்தைச் சொல்றது, அதோட பேர் நோட்டுல இருந்து ஸ்கேல்ல எண்ணினா வர்ற மூணாவது நோட்டும் ஏழாவது நோட்டும்தான், இந்த ரெண்டு இருந்தா காது மிச்சத்தைத் தானா நிரப்பிக்கும். இதை நான் தியரி புக்ல நாலு தடவை படிச்சும் மண்டையில ஏறல, கிட்டார்ல வெச்சுப் பாத்தப்பதான் ஏறுச்சு, அதனால நீங்களும் கையில எடுத்துக்கோங்க. சி மேஜர்ல டூ-ஃபைவ்-ஒன், ஜாஸ்ல அடிக்கடி வர்ற கார்ட் வரிசை, அதாவது டி மைனர் செவன், ஜி செவன், சி மேஜர் செவன். கம்பியை மெல்லிசுல இருந்து எண்ணுங்க, நாலாவது கம்பில மூணாவது ஃப்ரெட், மூணாவது கம்பில அஞ்சாவது ஃப்ரெட், இது டி மைனர் செவனோட எஃப்-உம் சி-யும். இப்ப மூணாவது கம்பி விரலை மட்டும் நாலாவது ஃப்ரெட்டுக்கு இறக்குங்க, அது பி, அவ்ளோதான் ஜி செவன் வந்துடுச்சு. அடுத்து நாலாவது கம்பி விரலை ரெண்டாவது ஃப்ரெட்டுக்கு இறக்குங்க, அது ஈ, சி மேஜர் செவன். மூணு கார்ட், மொத்தமா ரெண்டு விரல் ஆளுக்கு ஒரு ஃப்ரெட் நகர்ந்திருக்கு. மேல ரெண்டு கம்பி மெலடிக்குக் காலியா கிடக்கு, கீழ ரெண்டு கம்பி பேஸுக்கு. இதைக் கண்டுபிடிச்ச அன்னைக்கு ராத்திரி நான் தூங்கல.

பேஸும் சேத்துப் பாக்கலாம், அஞ்சாவது கம்பில அஞ்சாவது ஃப்ரெட் டி, ஆறாவது கம்பில மூணாவது ஃப்ரெட் ஜி, திரும்ப அஞ்சாவது கம்பில மூணாவது ஃப்ரெட் சி. இப்ப நடுவுல அந்த ஜி-க்குப் பதிலா அஞ்சாவது கம்பியோட நாலாவது ஃப்ரெட் வாசிங்க, மேல ரெண்டு விரலை அசைக்கவே வேண்டாம். அது டி ஃப்ளாட் செவன். ஜி செவனுக்கும் டி ஃப்ளாட் செவனுக்கும் அந்த மூணும் ஏழும் இடம் மாறி அதே நோட்டா வருது, அதனால ஒன்னு இருக்குற இடத்துல இன்னொன்னு உக்காரும், பேஸ் அஞ்சு நாலு மூணுனு படி இறங்குற மாதிரி இறங்கும். இதுதான் எல்லாரும் பெருசா பேசுற ட்ரைடோன் சப்ஸ்டிட்யூஷன். இதைத் தெரிஞ்சுக்கிட்டவங்க பண்ற தப்பு என்னன்னா கல்யாண வீட்டு சாம்பார் மாதிரி எல்லா இலையிலயும் ஊத்துறது. மெலடி டி-ல நீளமா நிக்கிற இடத்துல கீழ டி ஃப்ளாட் பேஸ் வெச்சா ரெண்டும் உரசும், அந்த உரசல் பிடிச்சிருந்தா தாராளமா வைங்க, ஆனா கேட்டுட்டு வைங்க, புக்ல இருக்குனு வைக்காதீங்க.

கார்ட் பேரை மனப்பாடம் பண்ணிக் குவிக்கிறதும் இதே ரகம். என்கிட்ட ஒரு நோட்டு புக் இருக்கு, பொறுமையா கோடு போட்டு நூத்தி அம்பதுக்கு மேல கார்ட் ஷேப் வரைஞ்சு வெச்சிருக்கேன், வாசிக்கும்போது அதுல ஆறோ ஏழோதான் வருது. ஜோ பாஸ் சொல்லிக் குடுக்கறப்ப கார்டுகளை மூணே மூணு வீடாத்தான் பிரிப்பார், மேஜர், மைனர், டாமினன்ட் செவன்த். கார்ட்ல கூடுதலா ஒரு நோட் சேர்ற நைன்த், தர்ட்டீன்த், ஷார்ப் லெவன் எல்லாம் அந்த மூணு வீட்டுல ஏதோ ஒன்னுல பொறந்த பிள்ளைங்கதான். மெலடி நோட்டே பாதி நேரம் அந்த நைன்தாவோ தர்ட்டீன்தாவோ இருக்கும், தனியா நீங்க எதையும் தேடிப் போய் ஒட்ட வேண்டியதில்ல.

மெலடியை நடுக் கம்பிகள்ல வாசிச்சுட்டு மேல கார்ட் அடிக்கிறது இன்னொரு தப்பு. மேல கேக்குற நோட்டைத்தான் காது பாட்டுனு எடுத்துக்கும். மெட்டு ரொம்பக் கீழ போகுதுனா ஒரு ஆக்டேவ் மேல தூக்குங்க, இல்லனா கீ-யை (பாட்டோட சுருதியை) மாத்துங்க. சாக்ஸபோன்காரங்களுக்குத் தோதான பி ஃப்ளாட்டையும் ஈ ஃப்ளாட்டையும் புடிச்சுக்கிட்டு நாம ஏன் தொங்கணும், ஜி, டி, ஏ பக்கம் வந்தா கீழ ஓப்பன் கம்பியே பேஸா நிக்கும், இடது கைக்கு ஒரு விரல் லாபம்.

இப்ப என் மானம் போன கதை. நெட்ல எவரோ எழுதிப் போட்ட டேப் (எந்தக் கம்பில எந்த ஃப்ரெட்னு நம்பரா எழுதின குறிப்பு) ஒன்னை எடுத்து, ஆறு மாசம், ஆபீஸ் விட்டு வந்து தினமும் ஒரு மணி நேரம், எந்த ஃப்ரெட் எந்த விரல்னு கிளிப்பிள்ளை மாதிரி பழகினேன். ஒருநாள் ஃப்ரெண்ட்ஸ் நாலு பேர் முன்னாடி வாசிச்சேன், இருபதாவது பார்ல ஒரு விரல் வழுக்குச்சு, அவ்ளோதான், நின்னுட்டேன், திரும்ப முதல்ல இருந்து, திரும்ப அதே இடத்துல நின்னுட்டேன். அப்ப ஒருத்தன் சாதாரணமா கேட்டான், 'சரி மச்சான், அந்தப் பாட்டை வாயால பாடு, எங்க விட்டனு பாக்கலாம்'. பாடத் தெரியல எனக்கு. ஆறு மாசமா வாசிச்ச பாட்டோட மெட்டு வாயில வரல. ஃப்ரெட் நம்பர்தான் தெரிஞ்சிருக்கு, பாட்டு தெரியல. அதனால டேப் பாக்கவே கூடாதுனு சொல்ல வரல, முதல்ல அந்தப் பாட்டை யாராச்சும் பாடினதைத் தேடிக் கேட்டு, வார்த்தையோட பாடிப் பழகிட்டு, ஒத்தை நோட்டா மெலடியை ரெண்டு மூணு இடத்துல வாசிச்சுட்டு, அப்புறம் பாருங்க. ஜோ பாஸே ஒரே பாட்டை ஒவ்வொரு தடவையும் வேற மாதிரிதான் வாசிச்சிருக்கார், அதுல ஒரு தடவையை ஃபோட்டோ எடுத்து வெச்சுக்கிட்டு இதுதான் அந்தப் பாட்டுனு சொல்றது எவ்ளோ தமாஷ்.

அந்த தாளம் இல்லாத ஆரம்பத்தைப் பத்தியும் சொல்லணும். பாட்டைத் தொடங்குறப்ப அவர் தாளத்தை விட்டு இழுத்து, நிறுத்தி, ஓடவிட்டு வாசிப்பார், கேக்கறப்ப நம்மாளுங்களுக்கு உடனே ஆலாபனை ஞாபகம் வரும், எனக்கும் வந்துச்சு. ஆனா அங்க பாட்டு ஏற்கனவே ஓட ஆரம்பிச்சாச்சு, மெட்டும் கார்ட் வரிசையும் அதே ஒழுங்குல போய்க்கிட்டுதான் இருக்கு, பீட்டோட நீளம் மட்டும்தான் கூடிக் குறையுது. இதைக் கவனிக்காம நம்ம விரல் அடுத்த கார்டைத் தேடுற நேரத்தை எல்லாம் ஃபீலிங்னு சொல்லி சமாளிக்கிறது இருக்கே, கேக்குறவங்களுக்கு நல்லாவே தெரியும். மெட்ரோனோமை ரெண்டாவது நாலாவது பீட்ல வெச்சு ஒரு தடவை முழுசா நிக்காம வாசிக்க முடிஞ்சாத்தான் இழுக்குற உரிமை கிடைக்கும்னு எனக்கு நானே சட்டம் போட்டிருக்கேன், பல நாள் மீறுறேன்.

பிக்கா (கம்பியை மீட்டுற சின்ன பிளாஸ்டிக் துண்டு) விரலானு சண்டை போடறவங்களுக்கு, அவர் ரெண்டும் வாசிச்சார், பிக்கை ரெண்டா உடைச்சு சின்னத் துண்டை வெச்சு வாசிக்கிற ஆளு. முடிஞ்சுது.

கிட்டார் மாத்தினா சவுண்ட் வந்துடும்னு நினைக்கிறது பர்ஸைக் காலி பண்ற தப்பு. கிப்சன் இஎஸ்-175ங்கிற உள்ள காலியான ஜாஸ் கிட்டாரோட அவரைச் சேத்தே எல்லாரும் பேசுவாங்க, சரிதான், ஆனா அது 1963ல ஒரு ரசிகர் வாங்கிக் குடுத்தது. அதுக்கு முந்தின வருஷம் வந்த அவரோட முதல் ரெக்கார்ட்ல அவர் கையில இருந்தது சொந்த கிட்டார் கூட இல்ல, போதைல இருந்து மீள சான்டா மோனிகால சினனான்ங்கிற இடத்துல இருந்தப்ப அங்க கிடந்த ஒரு ஃபென்டர் ஜாஸ்மாஸ்டர், சாலிட் பாடி, அதாவது உள்ள காலியே இல்லாத கட்டை, ராக் பசங்க கையில பாக்குற சாமான். விர்ச்சுவோசோவோட சவுண்டும் நீங்க நினைக்கிற அந்த உருண்டையான ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) டோன் கிடையாது, வரண்டு, மரம் மரமா, கம்பி சத்தம் முன்னாடி கேக்கும், மைக்ல புடிச்ச வெறும் கிட்டாரோட சத்தம்தான் அதுல தூக்கலா இருக்கு. அதைக் கேட்டு மயங்கிட்டு ஆம்ப்ல பேஸ் நாபை முழுசாத் திருப்பி வெச்சுக்கிட்டு ஏன் அப்படி வரலைனு ஒரு வருஷம் மண்டையைப் பிச்சுக்கிட்டேன்.

போதைக் கதையை வெச்சு மேதைனா இப்படித்தான்னு உருகுறவங்களும் இருக்காங்க. 1950கள்ல பாதி அவருக்கு அதுலயே வீணாப் போச்சு, ஜெயிலும் பாத்தார், முதல் ரெக்கார்ட் வர்றப்ப வயசு 33. பென்சில்வேனியால ஜான்ஸ்டவுன்ங்கிற ஸ்டீல் மில் ஊர்ல, மில்லுல வேலை பாத்த அப்பா ஒன்பது வயசு பையனை தினமும் மணிக்கணக்கா உக்கார வெச்சு வாசிக்க வெச்சதுக்கும், அப்புறம் 60கள்ல ஸ்டுடியோ வேலை, பியானோ கலைஞர் ஜார்ஜ் ஷியரிங்கோட டூர்னு அலைஞ்சதுக்கும்தான் 44 வயசுல அந்த ஆல்பம் வந்துச்சு.

கடைசியா ஒன்னு, தனியா வாசிச்சதை மட்டும் கேக்காதீங்க. ஜாஸ் பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டோட அவர் மட்டும் உக்காந்து பண்ண ஆல்பம் நாலு இருக்கு, 70கள்ல ரெண்டு, 80கள்ல ரெண்டு. மெலடியை அந்தம்மா எடுத்துக்கறாங்க, அதனால கார்டும் பேஸும் அவர் கையில எப்படி நடக்குதுனு தனியா பிரிச்சுக் கேக்கலாம், ஹெட்ஃபோன் போட்டா அவங்க மூச்சு எடுக்குற இடமும் இவர் உள்ள நுழையுற இடமும் கூட கேக்கும். நான் இப்ப பண்றது என்னன்னா ஒரு பாட்டை எடுத்து முதல்ல அந்தம்மா பாடினதுக்குக் கீழ வெறும் ரெண்டு விரல் கார்ட் வாசிக்கிறேன், அதாவது மேல சொன்ன மூணாவது நாலாவது கம்பி சமாச்சாரம், ஒரு வாரம் கழிச்சு அவங்களை ஆஃப் பண்ணிட்டு மெலடியை நானே மேல ரெண்டு கம்பில வாசிக்கிறேன். இப்போதைக்கு ஒன்றரைப் பாட்டு வருது.