மாடு கன்று போடும் இரவு: கொழும்பில் ஒன்றிரண்டு மாடு வளர்க்கத் தொடங்குவோருக்கு

மாட்டை வாங்குவதற்கு முன் கொட்டில் சுவரில் ஒரு கலண்டரையும் ஒரு மணிக்கூட்டையும் மாட்டுங்கள். கொலன்னாவையில் எங்கள் பின்வளவில் இப்போது மூன்று மாடுகள் நிற்கின்றன. முதல் மாடு வந்தபோது என்னிடம் இரண்டும் இருக்கவில்லை. அதனால் ஒரு கன்று போய்விட்டது. அதைக் கடும்புப் பால், அதாவது கன்று போட்டதும் சுரக்கும் முதல் பால், பற்றி எழுதும் இடத்தில் சொல்கிறேன்.

நகரத்துக்குள் மாடு வைப்பதென்றால் முதலில் உங்கள் நகர சபையிலோ பிரதேச சபையிலோ கேட்டுவிடுங்கள். அயல்வீட்டாரிடமும் சொல்லிவைப்பது நல்லது. நடுச்சாமத்தில் மாடு கத்தும்போது அவர்களும்தான் எழும்பப் போகிறார்கள்.

1. வேளைக்கு வருவதைப் பிடியுங்கள்

பசுமாடு ஏறக்குறைய 21 நாட்களுக்கு ஒருமுறை வேளைக்கு வரும், அதாவது காளை சேரத் தயாராகும். 18 நாளிலும் வரலாம், 24 நாளிலும் வரலாம். வந்தால் அந்தப் பருவம் 12 முதல் 18 மணித்தியாலம் வரைதான் நிற்கும். தவறவிட்டால் மூன்று கிழமை காத்திருக்க வேண்டும். அதுவரை தீனிச் செலவு உங்கள் கணக்கில்தான்.

கத்தும், தீனில் நாட்டமிராது, பால் கொஞ்சம் குறையும். பின்புறத்தில் முட்டையின் வெள்ளைக்கரு போலத் தெளிவான சளி நூலாகத் தொங்கும். இவையெல்லாம் துணை அடையாளங்கள். உறுதியான அடையாளம் ஒன்றுதான்: இன்னொரு மாடு மேலே ஏறும்போது விலகாமல் நின்று கொடுக்கும். ஒரேயொரு மாடு வைத்திருப்பவருக்கு இது கிடைக்காது, அவர் சளியையும் கத்தலையும் நம்பித்தான் ஆக வேண்டும்.

கொழும்பு வெக்கையில் பகலில் மாடு எதையும் காட்டாது. பெரும்பாலும் இரவிலும் விடியற்புறத்திலும்தான் காட்டும். படுக்கப் போக முன் ஒரு பத்து நிமிடம், விடிய எழும்பியதும் ஒரு பத்து நிமிடம், டோர்ச் லைட்டுடன் பின்புறத்தைப் பாருங்கள். வாலடியில் காய்ந்த சளி ஒட்டியிருந்தாலும் அது ஒரு செய்திதான்.

2. ஊசி போடும் நேரம்

காலையில் வேளை கண்டால் அன்று பின்னேரம் ஊசி. பின்னேரம் கண்டால் மறுநாள் காலை. செயற்கை முறைச் சினைப்படுத்தலுக்குப் பிரதேச அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு அறிவிக்கலாம், தனியாரும் செய்கிறார்கள். விந்துக் குழாய் திரவ நைதரசனில் மறை 196 பாகை செல்சியஸில் உறைந்து கிடப்பது. வெளியே எடுத்து 35 முதல் 37 பாகை வெந்நீரில் உருக்கி, உடனே போட வேண்டும். வருபவருக்கு ஒரு வாளி வெந்நீரும் சவர்க்காரமும் தயாராக வைத்திருங்கள்.

எந்தக் காளையின் விந்து என்பதில் புதியவர்கள் ஆசைப்பட்டு வழுக்குவார்கள். பால் கூடும் என்று சின்ன உடம்பு நாகுக்கு (இன்னும் கன்று போடாத இளம் பசுவுக்கு) பிரீசியன் என்ற பெரிய இனத்தைக் கேட்காதீர்கள். கன்று பெரிதாகிப் பிறப்பு சிக்கலாகும். முதல் ஈற்றுக்கு ஜேர்சி இனம்தான் என் தேர்வு. கன்று சிறிது, கலப்பு நம் புழுக்கத்தையும் தாங்கும். நாகு வளர்ந்த மாட்டின் எடையில் 60 சதவீதத்தைத் தாண்டிய பிறகே ஊசி. வயதைப் பார்த்து அவசரப்பட வேண்டாம்.

காளையின் இலக்கத்தை எழுதி வையுங்கள். நாளைக்கு அந்தக் காளைக்குப் பிறந்த நாகுக்கும் அதே காளை விழுந்துவிடக் கூடாது.

3. கலண்டரில் நான்கு வட்டம்

ஊசி போட்டது ஜனவரி 10 என்று வையுங்கள். முதல் வட்டம் ஜனவரி 31: அன்றையொட்டி மீண்டும் வேளைக்கு வந்தால் சினை நிற்கவில்லை. வரவில்லை என்பதற்காகச் சினை என்று முடிவு கட்டவும் வேண்டாம். இரண்டாவது வட்டம் மார்ச் கடைசி, டொக்டர் கையை உள்ளே விட்டுப் பார்த்துச் சினையை உறுதி செய்ய. மூன்றாவது ஓகஸ்ட் 18, பால் மறக்கடிக்க. நான்காவது ஒக்டோபர் 17, அது 280ஆம் நாள், கன்று போடும் நாள். சாஹிவால் இன இரத்தம் கூடிய மாடு இன்னும் ஐந்தாறு நாள் பிந்தும்.

கடைசி 60 நாள் பால் கறக்கக் கூடாது. "இன்னும் ரெண்டு போத்தல் வருதே" என்று தொடர்ந்து கறந்தால், அடுத்த ஈற்றின் பாலில் அதைவிடக் கூட இழப்பீர்கள். மடி ஆறவும் கடும்பு ஊறவும் அந்த இரண்டு மாதம் வேண்டும்.

இந்தக் காலத்தில் இன்னொரு தவறும் நடக்கும். சினை மாடுதானே, எலும்புக்கு நல்லது என்று கல்சியத்தை அள்ளி ஊட்டுவார்கள். கடைசி மூன்று கிழமை அதைச் செய்ய வேண்டாம். வெளியிலிருந்து தாராளமாகக் கிடைத்தால், எலும்பிலிருந்து கல்சியம் எடுக்கும் வேலையை உடம்பு மறந்துவிடும். கன்று போட்டுப் பால் பொங்கும் அன்று மாடு விழுந்துவிடும். கன்று போட்ட பிறகு தாராளமாகக் கொடுங்கள்.

4. இடம்

வழுக்கும் சீமெந்துத் தரையில் மாட்டைக் கன்று போட விடாதீர்கள். கால் விரிந்தால் பிறகு எழும்பாது. ஒரு மூலையில் மணல் பரப்பி, மேலே காய்ந்த வைக்கோலைக் கணுக்கால் மூடும் அளவுக்குப் போடுங்கள். மரத்தூள் மொறட்டுவைப் பக்கத்திலிருந்து மலிவாக வரும், மற்ற நாளைக்கு நல்லது. ஆனால் ஈரக் கன்றின் மூக்கிலும் தொப்புளிலும் அப்பிக்கொள்ளும் என்பதால் அந்த இரவுக்கு வேண்டாம்.

வெள்ளம் வரும் பக்கமென்றால் மேடான ஒரு இடத்தை முன்கூட்டியே பார்த்து வையுங்கள். 2016 மே வெள்ளத்தில் களனி கங்கை கொலன்னாவைக்குள் வந்தபோது, நிறைமாதச் சினை மாட்டை இடுப்பளவு தண்ணீரில் நடத்திப் போனவர்களைக் கண்டிருக்கிறேன்.

5. அந்த இரவு

வாலடியின் இரு பக்கமும் குழி விழும், தசைநார் இளகி வால் தளர்ந்து தொங்கும், மடி பளபளக்கும், காம்பு மெழுகு பூசினது போல நிற்கும். இனி ஒரு நாளோ இரண்டு நாளோதான்.

பிறகு மாடு நிலைகொள்ளாது. எழும்பும், படுக்கும், விலாவைத் திரும்பிப் பார்க்கும். இது இரண்டு முதல் ஆறு மணித்தியாலம் போகும், தலைச்சன் மாட்டுக்கு இன்னும் கூட. இங்கே உங்களுக்கு ஒரு வேலையும் இல்லை. பன்னீர்க்குடம் தெரிந்தவுடன் மணிக்கூட்டைப் பார்த்து நேரத்தை எழுதுங்கள்.

என் முதல் இரவில், யாழ்ப்பாணத்தில் நாற்பது வருடம் மாடு வைத்திருந்த மாமா பக்கத்தில் நின்றார். குளம்பு தெரிந்ததும் நான் கயிற்றைத் தேடினேன். "தம்பி, கையைக் கழுவிக்கொண்டு வாரும். பிடிச்சு இழுக்கிறதுக்கில்லை, சும்மா நிற்கிறதுக்கு" என்றார். நானும் நின்றேன். இரண்டு முன்னங்கால், ஒன்று சற்று முந்தி, ஒன்று பிந்தி. உள்ளங்குளம்பு தரையைப் பார்த்தபடி, மஞ்சள் நிறத்தில் மெதுவாக. அந்தக் கால்களின் மேல் நாக்கின் நுனி, பிறகு மூக்கு. தலை வெளியே வர ஆன நேரம் ஏறக்குறைய 25 நிமிடம். எனக்கு அது விடிய விடிய நடந்தது போல இருந்தது. தோள் தாண்டியதும் மிச்சம் ஒரே வழுக்கல்.

இரண்டு முன்னங்காலும் மூக்கும் சேர்ந்து வந்தால் சரியான பிறப்பு. பன்னீர்க்குடம் உடைந்து ஒரு மணித்தியாலமாகியும் எதுவும் தெரியாவிட்டால் டொக்டரைக் கூப்பிடுங்கள். தலைச்சன் மாடு என்றால் முக்கத் தொடங்கி இரண்டு மணித்தியாலம் வரை பார்க்கலாம், அதுவும் கொஞ்சமாவது முன்னேற்றம் தெரிந்தால் மட்டும். ஒரு கால் மட்டும் வந்தாலோ, கால் வந்து தலை வராவிட்டாலோ, வால் மட்டும் தெரிந்தாலோ, உள்ளங்குளம்பு வானத்தைப் பார்த்தாலோ காத்திருக்கவே வேண்டாம். கடைசியாகச் சொன்னது பெரும்பாலும் பின்னங்கால். டொக்டரின் இலக்கத்தைச் சுவரில் எழுதி வையுங்கள். அந்த நேரம் பார்த்து ஃபோனில் சார்ஜ் இருக்காது.

கயிறு போட்டு நாலு பேர் இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். புதியவர் அதைச் செய்யாதிருப்பதே மாட்டுக்குச் செய்யும் உதவி. டொக்டர் இழுக்கச் சொன்னால், மாடு முக்கும்போது மட்டும் இழுங்கள், அது ஓயும்போது நீங்களும் ஓயுங்கள்.

6. முதல் ஒரு மணித்தியாலம்

மூக்கிலும் வாயிலும் இருக்கும் சளியை விரலால் வழித்து எடுங்கள். மூச்சு வரத் தயங்கினால் ஒரு வைக்கோல் துரும்பை மூக்குக்குள் விட்டுக் கிண்டுங்கள், தும்மும். சாக்குத் துண்டால் நெஞ்சை அழுத்தித் தேயுங்கள். பிறகு கன்றைத் தாயின் முகத்தருகே வைத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள். தாய் நக்குவதற்கு ஈடான துவாய் கடையில் கிடையாது.

தொப்புளுக்கு அயடீன். 7 சதவீத டிங்சர் என்று கேட்டு வாங்கி, ஒரு சின்னக் கோப்பையில் ஊற்றித் தொப்புள்கொடி முழுவதும் நனையும்படி முக்கி எடுங்கள். இரண்டு மூன்று நாளைக்குத் திரும்பச் செய்யுங்கள். சாம்பல், மஞ்சள், சாணம் எதுவும் வேண்டாம். அந்த வழியால் கிருமி ஏறினால் மூட்டு வீங்கிக் கன்று நொண்டும்.

7. கடும்புப் பால்: என் பிழை

என் முதல் கன்றின் கதை இதுதான். விடியற்காலை பிறந்தது. கடும்பு கறந்து, அயலில் ஐந்து வீட்டுக்குக் கொடுத்தேன். சீனியும் ஏலக்காயும் போட்டுக் காய்ச்சித் திரட்டியது எங்கள் வீட்டிலும் ஒரு சட்டி. கன்றுக்குக் கிடைத்தது மிச்சம், அதுவும் மத்தியானம் கடந்து. ஐந்தாம் நாள் வெள்ளையாகக் கழிந்தது. ஏழாம் நாள் இல்லை.

மாட்டின் இளங்கொடி (நஞ்சுக்கொடி) வழியாக நோய் எதிர்ப்புச் சக்தி கன்றுக்குப் போகாது. கன்று வெறுங்கையோடுதான் பிறக்கிறது. அந்தச் சக்தி கடும்பில்தான் இருக்கிறது, குடலும் பிறந்த சில மணித்தியாலங்களுக்குத்தான் அதை முழுதாக உள்ளே விடும். நேரம் போகப் போக வழி சுருங்கி, 24 மணித்தியாலத்தில் மூடிவிடும். அதற்குப் பிறகு எவ்வளவு குடித்தாலும் அந்தக் காப்பு இரத்தத்தில் சேராது.

25 கிலோக் கன்றுக்கு முதல் இரண்டு மணித்தியாலத்துக்குள் ஒன்றரை லீட்டர், 12 மணித்தியாலத்துக்குள் இன்னும் ஒரு லீட்டருக்குக் குறையாமல். தானாகக் குடிக்காவிட்டால் கறந்து சூப்பிப் போத்தலில் கொடுங்கள். கழுத்தை அண்ணாக்கப் பிடித்து ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். மிஞ்சியதை ஐஸ்கிரீம் டப்பாவில் ஊற்றி உறைய வையுங்கள், தாய் இல்லாத கன்றுக்கு உதவும். உருக்குவது வெதுவெதுப்பான நீரில். அடுப்பில் வைத்தால் திரளும், பயனும் போய்விடும். அயலுக்கு மூன்றாம் நாள் பாலில் கொடுத்தால் போதும், கோபிக்க மாட்டார்கள்.

8. தாயைப் பாருங்கள்

இளங்கொடி 12 மணித்தியாலத்துக்குள் விழ வேண்டும். தொங்கும்போது செருப்பு, செங்கல் கட்டி இழுக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். உள்ளே கிழியும். விழவில்லையென்றால் டொக்டர். ஊரில் சாக்கில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிடுவார்கள். கொழும்பில் காகமும் நாயும் விடாது, ஆழமாகப் புதைத்துவிடுங்கள்.

முதல் மூன்று நாளுக்குள் மாடு தள்ளாடி, காது குளிர்ந்து, கழுத்தை விலாப்பக்கம் மடித்துப் படுத்தால் அது கல்சியக் குறைவு. பெயர் பால் காய்ச்சல் என்றாலும் உடம்பு சுடாது. டொக்டர் நரம்பில் கல்சியம் ஏற்றினால் பெரும்பாலும் அங்கேயே எழும்பிவிடும். அவர் வரும்வரை வாயில் எதையும் ஊற்றாதீர்கள், விழுங்கும் சக்தி இருக்காது.

9. கன்று மூன்று மாதம் வரை

நாளுக்கு எடையில் பத்தில் ஒரு பங்கு பால், இரண்டு வேளையாக, உடம்புச் சூட்டில். வாளியைக் கழுவாமல் அடுத்த வேளைக்கு எடுக்காதீர்கள். இரண்டாம் கிழமையிலிருந்து கன்றுத் தீனும் நல்ல புல்லும் முன்னால் இருக்கட்டும், தண்ணீர் முதல் கிழமையே. நாளுக்கு ஏறக்குறைய ஒரு கிலோத் தீனைத் தானாகத் தின்னும் நாளில் பாலை மெல்லக் குறைத்து நிறுத்தலாம். பேலியகொடைச் சந்தையில் கழித்த கோவா இலை தாய்க்குச் சரி, சின்னக் கன்றுக்கு வேண்டாம்.

கழிச்சல் வந்தால் பாலை நிறுத்தாதீர்கள். இரண்டு பால் வேளைக்கு நடுவில் ஜீவனி என்ற உப்புச் சர்க்கரைத் தூளைப் பக்கற்றில் சொன்ன அளவில் கரைத்துக் கொடுங்கள். கண் குழி விழுந்தாலோ, கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டால் மடிப்பு உடனே மறையாவிட்டாலோ டொக்டருக்குச் சொல்லுங்கள்.

கொம்பு சுடுவது இரண்டு மூன்று கிழமையில், மரத்துப்போக ஊசி போட்டு. பூச்சி மருந்தையும் தடுப்பூசிகளையும் அந்த வருகையிலேயே கேட்டுத் திகதி குறித்துக்கொள்ளுங்கள். நாம்பனும் (ஆண் கன்றும்) நாகுமாக இரட்டை பிறந்தால், அந்த நாகு பெரும்பாலும் மலடு. வளர்த்துச் சினைக்குக் காத்திருந்து ஏமாறாதீர்கள்.

நாம்பன் கன்று நகரத்தில் யாருக்கும் வேண்டாத பிள்ளை. பாலைக் காட்டாமல் வாட விடுபவர்கள் உண்டு. அதை வைத்திருக்க மனமில்லை என்றால், வாங்கிக்கொள்ளக் கூடியவரைக் கன்று பிறக்க முன்பே பேசி வையுங்கள்.

10. மறுபடியும் கலண்டர்

கன்று போட்டு 60 நாள் கருப்பைக்கு ஓய்வு. அதற்கு முன் வேளைக்கு வந்தாலும் நாளை மட்டும் எழுதி வையுங்கள். 60க்கும் 90க்கும் இடையில் சினை நின்றால் வருடத்துக்கு ஒரு கன்று என்ற கணக்கை ஒட்டிப் போகும்.

எங்கள் நடு மாட்டுக்கு இன்று 63ஆம் நாள். அதிகாலை 4.40க்குக் கத்தினது. டோர்ச் அடித்துப் பார்த்தேன், வாலடியில் நூல் தொங்குகிறது. எட்டு மணிக்கு அழைத்துச் சொல்லியாயிற்று. பின்னேரம் வருவார்கள், வெந்நீர் வைக்க வேண்டும்.