வீட்டுக் குளத்துக்கு எந்த ஏரேட்டர்?

கொல்லைப்புறக் குளத்தில் விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், பெரும்பாலும் தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைந்துவிட்டது என்று அர்த்தம். பாசியும் செடிகளும் பகலில் ஆக்ஸிஜன் தரும். இரவில் அவையே அதை எடுத்துக்கொள்ளும். அதனால் தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர் பம்ப்பைக் கரண்ட் பில்லுக்குப் பயந்து இரவில் நிறுத்துவது தப்புக் கணக்கு. வெயில் காலத்தில் இன்னும் கவனம் வேண்டும்: 20 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்ஸிஜன் கரையும், 30 டிகிரியில் 7.5 தான்.

சரி, எதை வாங்குவது? இரண்டடி ஆழத்துக்குள் என்றால் சின்ன நீரூற்று பம்ப்பே போதும், பார்க்கவும் அழகு. ஆழம் கூடினால் ஏர் பம்ப்பும், அதன் காற்றைச் சின்னச் சின்னக் குமிழிகளாக்கும் நுண்துளைக் கல்லான ஏர் ஸ்டோனும்தான் என் தேர்வு. குமிழிகள் மேலே வரும்போது அடித்தண்ணீரையும் கூடவே இழுத்து வரும். பம்ப்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள். முடியாவிட்டால் குழாயில் செக் வால்வு (ஒரு பக்கம் மட்டும் போகவிடும் வால்வு) மாட்டுங்கள். இல்லையென்றால் கரண்ட் போனதும் தண்ணீர் குழாய் வழியே பம்ப்புக்குள் வந்துவிடும். இறால் பண்ணையில் சுற்றுகிற துடுப்புச் சக்கரமெல்லாம் வீட்டுக்கு வேண்டாம், சத்தமே தாங்காது. அடிக்கடி கரண்ட் போகும் ஊரென்றால், பேட்டரியில் ஓடும் சின்ன ஏர் பம்ப் ஒன்றையும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.