குதிரைக்கு அரளி மாலை போடாதீங்க: புதுசா வளக்குறவங்க தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராமநாதபுரம் மாவட்டத்துல உச்சிப்புளி, ஏர்வாடி, சாயல்குடி பக்கம் எல்கைப் பந்தயத்துக்குன்னு (குதிரை வண்டிப் பந்தயம்) புதுசா குதிரை வாங்குற பசங்க இப்ப நிறைய. ஆசையா வளக்குறாங்க, ஆனா எங்க காலத்துல குதிரைங்கள சாகடிச்ச அதே தப்பத்தான் திரும்பப் பண்றாங்க. பூஞ்சை புடிச்ச தீவனம் போடக் கூடாதுங்கறது எல்லாருக்கும் தெரியும், அத விட்டுடுறேன்.

அரளி

எனக்கு இன்னும் ஆத்திரம் வர்றது இதுலதான். ஜெயிச்ச குதிரைக்கு செவ்வரளி மாலை போட்டு போட்டோ எடுக்குறாங்க, அது சும்மா நிக்குமா, கழுத்த வளைச்சு பக்கத்துக் குதிரை மாலைய ஒரு இழு இழுக்கும். அப்புறம் மாலையக் கழட்டி கொட்டாய் ஓரமா எறிஞ்சிட்டு, காஞ்சிருச்சே இனிமே என்னன்னு விட்டுடுறாங்க. காஞ்சாலும் அரளி விஷம் போகாதுங்க. பச்சை இலை கசக்கும்னு குதிரை ஒதுக்கிடும், காஞ்சது வைக்கோலோட கலந்துட்டா தெரியாம மென்னுடும். ஒரு கையளவு இலை போதும், ஆள் காலி. குதிரையால வாந்தியும் எடுக்க முடியாது.

ஒரு தம்பி வீட்டுல வேலி அரளிய வெட்டி கொட்டாய் பக்கத்துல போட்டிருக்காங்க. குதிரை படுக்குது, எந்திரிக்குது, வயித்தத் திரும்பித் திரும்பிப் பாக்குது. சாதாரண வயித்து வலின்னு நினைச்சு கடற்கரை மணல்ல நடக்க வச்சிட்டாரு. நான் போறப்ப வேர்த்து ஊத்துது, காது ஜில்லுன்னு இருக்கு. தாடை எலும்புக்கு அடியில விரல் வச்சுப் பார்த்தா நாடி ரெண்டு தடவ துடிக்குது, நிக்குது, அப்புறம் கடகடன்னு ஓடுது. சும்மா நிக்குற குதிரைக்கு நிமிஷத்துக்கு 28லருந்து 44 வரைக்கும் ஒரே சீரா அடிக்கணும். அரளி தாக்குறது இதயத்த, நடக்க வைக்க வைக்க அதுக்குத்தான் சுமை கூடும். விடியறதுக்குள்ள போயிருச்சு, நல்ல சாதுவான குதிரை.

அரளி தின்னுருக்கும்னு சந்தேகம் வந்தாலே நிழல்ல அசையாம நிறுத்துங்க, முன்னாடி இருக்கற தீவனத்த எடுத்துடுங்க, வாயில எண்ணெய் ஊத்தாதீங்க, அது நுரையீரலுக்குள்ள போயிடும். கால்நடை ஆம்புலன்ஸ் நம்பர் 1962க்கு போன் போட்டு எடுத்த எடுப்புலயே அரளின்னு சொல்லுங்க. சாதாரண நோவுன்னு நினைச்சு கால்சியம் ஏத்திட்டா இதயம் இன்னும் மோசமாகும். டாக்டர் சீக்கிரம் வந்தா மூக்கு வழியா டியூப் விட்டு விஷத்த உறிஞ்சுற கரி மருந்து குடுப்பாரு. தின்ன இலைல ஒரு கொத்து எடுத்து வச்சுக் காட்டுங்க.

ஆமணக்கு

கொட்டையில இருக்கற விஷத்த குதிரை தாங்கவே தாங்காது. வேலியில நின்னா பிடுங்குங்க.

சீமைக் கருவேலங்காய்

இனிப்பா இருக்கும், அளவில்லாம தின்னு குடல் அடைச்சுக்கும். கட்டுற எடத்துல கூட்டிடுங்க.

வெறும் வயித்தோட அவுத்து விடுறது

சித்திரை, வைகாசியில நம்ம கரையில புல்லே இருக்காது, பச்சையா நிக்குறது எருக்கும் அரளியுந்தான், எருக்கும் இதயத்தத் தாக்குற விஷந்தான். காலைல நல்ல கடலைக்கொடி போட்டு, தண்ணி காட்டி, வயிறு நெறஞ்சதுக்கப்புறம் அவுத்து விடுங்க.