புரதம் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போக எந்த ஆற்றல் எங்கே செலவாகிறது? மூன்று ட்யூபில் பார்த்துவிடலாம்

‘புரதம் உள்ளே போக ஆற்றல் தேவை’ என்று பாடப்புத்தகம் ஒரே வரியில் முடித்துவிடும். மேட்ரிக்ஸுக்கு, அதாவது உட்சவ்வுக்கு உள்ளே இருக்கும் அறைக்கு, போகும் புரதத்துக்கு அங்கே இரண்டு தனித்தனிச் செலவு. புரதத்தின் தொடக்கத்தில் முகவரிபோல இருக்கும், நேர்மின்னேற்றம் உள்ள முனைத்தொடரை உட்சவ்வின் மின்னழுத்தம் இழுக்கும், ஏனென்றால் உள்பக்கம் எதிர்மின். மீதி உடலை இழுத்துப் போடுவது மேட்ரிக்ஸில் ஏடிபியை (செல்லின் ஆற்றல் மூலக்கூறு) செலவழிக்கும் எச்எஸ்பி70 என்ற துணைப்புரதம். ஈஸ்ட் மைட்டோகாண்ட்ரியா கையில் இருந்தால் இரண்டையும் பிரித்துக் காட்டலாம்.

புரதத்துக்கு சு9-டிஹெச்எஃப்ஆர் போதும்: நியூரோஸ்போரா பூஞ்சையின் ஏடிபி சின்தேஸ் துணையலகு 9-இன் முதல் 69 அமினோ அமிலங்களை எலியின் டிஹெச்எஃப்ஆர் என்ற நொதியோடு ஒட்டியது. முயல் ரெட்டிகுலோசைட் லைசேட்டில் (இளஞ்சிவப்பணுக்களை உடைத்த சாறு, புரதம் தயாரிக்கும்), கதிரியக்க மெத்தியோனின் சேர்த்துத் தயாரியுங்கள்.

முதல் ட்யூபில் ஏடிபி, எலக்ட்ரான் தரும் எரிபொருளான என்ஏடிஹெச் இரண்டும். வெளியே போட்ட என்ஏடிஹெச்சையே ஈஸ்ட் மைட்டோகாண்ட்ரியா எரிக்கும் என்பதால் மின்னழுத்தம் நிற்கும்.

இரண்டாவதில் ஏடிபி உண்டு, மின்னழுத்தம் கிடையாது. புரதத்துக்கு முன்பே ஆன்டிமைசின் (எலக்ட்ரான் ஓட்டத்தை நிறுத்தும்), வாலினோமைசின் (பொட்டாசியத்தை உள்ளே விட்டு மின்னழுத்தத்தைச் சரிக்கும்), ஒலிகோமைசின் (ஏடிபி சின்தேஸை அடைக்கும்) போடுங்கள். பஃபரில் பொட்டாசியம் இல்லையென்றால் வாலினோமைசின் சும்மாதான் கிடக்கும். ஒலிகோமைசின் எதற்கு என்று பலர் கேட்பார்கள்: மின்னழுத்தம் சரிந்ததும் ஏடிபி சின்தேஸ் பின்னோக்கி ஓடி ஏடிபியைத் தின்ன ஆரம்பிக்கும், அப்புறம் எது இல்லாததால் நுழைவு நின்றது என்று சொல்லவே முடியாது.

மூன்றாவதில் மின்னழுத்தம் மட்டும். ஏடிபியை உடைக்கும் அப்பிரேஸ் நொதியும் ஒலிகோமைசினும் போட்டு, உள்ளிருந்து வெளியேறும் ஏடிபி தீரும்வரை விட்டு, பிறகு என்ஏடிஹெச். லைசேட்டையும் அப்பிரேஸால் சுத்தம் செய்யுங்கள், அதிலேயே ஏடிபி நிறைய இருக்கும். பெரும்பாலும் சொதப்புவது இங்கேதான்.

25 டிகிரியில் 10 நிமிடம். அப்புறம் ஒவ்வொன்றையும் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் மட்டும் புரோட்டினேஸ் கே, ஐஸில் 15 நிமிடம்; வெளியே நிற்கும் புரதத்தை அது தின்றுவிடும், உள்ளே போனதைத் தொடாது.

மேட்ரிக்ஸுக்குள் நுழைந்த முனைத்தொடரை அங்குள்ள நொதி வெட்டிவிடும். அதனால் ஜெல்லில் முதல் ட்யூபின் பேண்ட் வெட்டுப்பட்டுக் கீழே இறங்கியிருக்கும், புரோட்டினேஸுக்கும் தப்பியிருக்கும். இரண்டாவதில் வெட்டே விழாது. மூன்றாவதுதான் ஏமாற்றும்: முனை மட்டும் நுழைந்து வெட்டுப்பட்டிருக்கலாம், உடல் வெளியே தொங்கும். புரோட்டினேஸ் போடாத லேனை மட்டும் பார்த்து ‘உள்ளே போயிற்று’ என்று எழுதிவிடாதீர்கள்.

புரோட்டினேஸை நிறுத்தும் பிஎம்எஸ்எஃப்பை அன்றன்றே கரையுங்கள், தண்ணீரில் அது சீக்கிரம் கெட்டுவிடும். நான் ஒருமுறை மிச்சம் வைத்ததைப் போட்டேன். புரோட்டினேஸ் கே, ஜெல்லுக்காகப் புரதத்தைக் குலைக்கும் எஸ்டிஎஸ்ஸிலும் அசராமல் வேலை செய்யும் நொதி. புரோட்டினேஸ் போட்ட மூன்று லேனும் காலி.